அமெரிக்கா அக்காவின் கலியாணம்

டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் இருந்த தமிழர்கள் இன்பமலரை "அமெரிக்கா அக்கா" என்றே கூப்பிட்டார்கள். அமெரிக்க மண்ணை அவள் ஒருநாளும் மிதித்தது கிடையாது. மிதிக்கப் புறப்பட்டவள், அவ்வளவுதான். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் முடிந்து சில மாதங்களில், யாழ்ப்பாணத்து உடுவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது, எங்கே போகிறாய் என்று கேட்ட எல்லாரிடமும் "அண்ணையிட்ட போறன்" என்றாள். அண்ணன் தேவராஜா ஹூஸ்டனில் எலும்பு டாக்டர். தம்பி றொபேர்ட்டும் அதே ஊர்தான். அண்ணன் எழுதிக் கூப்பிட்டு, எண்பதாம் ஆண்டு போய், எண்ணெய்க் கிணறுகளுக்கு இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவன். தாய் சிறுவயதிலேயே போனபின் தகப்பனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றவள் இன்பமலர். தகப்பனும் போய்விட்டார். இனி என்ன, இரண்டு சகோதரங்களும் இருக்கிற இடத்துக்குப் போகவேண்டியதுதானே?

மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்குப் போய்விட்டால் அங்கிருந்து அமெரிக்கா கிட்டத்தான் என்று அவளை அனுப்பிய முகவர் சொன்னார். பெர்லினில் அந்த முகவரைக் காணவில்லை. கூட வந்த குடும்பம் ஒன்று ரயிலில் துறைமுகத்துக்குப் போய் டென்மார்க்குக்குக் கப்பல் ஏறியது. தனியாக நிற்பதைவிட அவர்களோடு போவது மேல் என்று அவளும் ஏறிவிட்டாள். கப்பலால் இறங்கியதும் ஒருவர் தந்த கோப்பியைக் குடித்துவிட்டு, "இந்த ஊரிலை கோப்பி நல்லாயிருக்கு" என்றாளாம். முப்பத்து நாலு வயதில், ஒரு பெட்டியோடு, எந்த ஊர் என்றே சரியாகத் தெரியாத ஊரில் வந்து இறங்கியவள் சொன்ன முதல் வார்த்தை அது.

செஞ்சிலுவைச் சங்க முகாமில் எல்லாருக்கும் அவள்மேல் இரக்கம். ஹூஸ்டனில் இரண்டு சகோதரங்கள் இருக்க, இந்தக் குளிருக்குள் வந்து மாட்டிக்கொண்டாளே! "உங்களுக்கென்ன அக்கா, இண்டைக்கோ நாளைக்கோ பறந்திடுவியள்" என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். அண்ணன் போட்ட விண்ணப்பம் அமெரிக்காவில் ஏதோ ஒரு வரிசையில் கிடந்தது. அது நகரும்வரைக்கும் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. டேனிஷ் வகுப்புக்குப் போனாள்.

அந்த வகுப்பில்தான் அந்தோனிமுத்து இருந்தார். மன்னார்க் கடற்கரை ஆள், கத்தோலிக்கர், அவளைவிட நாலு விரல் கட்டை, நல்ல குரல். டேனிஷில் ஐம்பதுக்கும் தொண்ணூறுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சத்தம். ஐம்பது "ஹல்ட்றெஸ்", தொண்ணூறு "ஹல்ஃபெம்ஸ்". உயிர்த்த ஞாயிறுக்கு முகாமில் எல்லாருக்கும் முட்டை கொடுக்க வேண்டும் என்று சேர்த்த காசோடு அந்தோனிமுத்துவைப் பக்கத்துப் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஐம்பது முட்டை வாங்கப் போனவர், பண்ணைக்காரனிடம் தொண்ணூறு கேட்டு, பத்தாத காசுக்குக் கைக்கடிகாரத்தை அடகு வைத்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் பெட்டிகளைக் கட்டி, ஒன்றுகூட உடையாமல் உருட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற இன்பமலர் சிரித்த சிரிப்பு மேல்மாடி வரைக்கும் கேட்டது.

"பிழை எண்டு தெரிஞ்சவுடனை நாப்பதைத் திருப்பிக் குடுத்திருக்கலாமே?"

"கேட்டது நானெல்லோ? கேட்டிட்டு வேண்டாம் எண்டு என்னண்டு சொல்றது?"

ஒரு கிழமை முழுக்க முகாமே முட்டைப் பொரியலும் முட்டைக் குழம்புமாகச் சாப்பிட்டது. கேட்டதற்கு நிற்கிற மனிதர் என்று இன்பமலர் அவரை மனதில் ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வதிவிட அனுமதி கிடைத்து, கொமூன் என்கிற நகரசபை கொடுத்த மூன்றாம் மாடி வீட்டுக்கு டோஸ்ட்ருப்பில் குடிபுகுந்தபின், முதியோர் இல்லத்துச் சமையல் குசினியில் வேலை கிடைத்தது. முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் உயரமான ஒரு பெண் வந்து உட்கார, அவள்தான் இல்லத்துக்கே பொறுப்பானவள் என்று யாரோ சொன்னார்கள். இன்பமலர் எழுந்து நின்று "மேடம்" என்றாள். அந்தப் பெண் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது மேடம் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நான் கிர்ஸ்டன். அந்த உருளைக்கிழங்கை இஞ்சாலை தள்ளிவிடு" என்றாள். அன்றிலிருந்து கிர்ஸ்டன் கிர்ஸ்டன்தான்.

எல்லா டேனிஷ்காரரும் கிர்ஸ்டன் இல்லை. ஒருநாள் ரயிலில் ஒரு மனிதன் இவளைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று உரத்துச் சொன்னான். "அங்கைதான் போறன், இன்னும் ரெண்டு ஸ்டேஷன் கிடக்கு" என்று இவள் தனக்குத் தெரிந்த டேனிஷில் பணிவாகப் பதில் சொல்ல, பெட்டி முழுக்கச் சிரித்துவிட்டது. அவன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போனான். தன் ஸ்டேஷனில் இறங்கியவள் வீடு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அந்தோனிமுத்து ரயில் பெட்டிகள் கழுவும் வேலையில் இருந்தார். எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதப் பனிக்குள் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, "நீர் அமெரிக்காவுக்குப் போறது போறது எண்டு இருக்கிறீர். போகாமல் விட்டா என்ன?" என்று கேட்டார். அதுதான் அவர் கலியாணம் கேட்ட விதம். இன்பமலர் அவரை உள்ளே கூப்பிட்டு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, சூடான தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "போகேல்லை" என்றாள்.

ஆனி மாதம் பதினாலாம் திகதி, சனிக்கிழமை கலியாணம் என்று முடிவானது. அண்ணனுக்கு போன் எடுத்தாள். தேவராஜா அந்தப் பக்கத்தில் சத்தமாகச் சிரித்து, கட்டாயம் வருவேன் என்றார். மனைவியாலும் பிள்ளைகளாலும் வரமுடியாது, தான் மட்டும் வருவதாகச் சொன்னார். தம்பிக்கு எடுத்தாள். "லீவு கிடைக்காது அக்கா" என்றான் றொபேர்ட்.

"அண்ணை பெரிய டாக்டர், அவருக்குக் கிடைக்குது. உனக்குக் கிடைக்காதோ?"

"அவருக்கு அவரே முதலாளி. எனக்கு அப்பிடியே?"

குரலில் ஏதோ ஒன்று அவளுக்குப் பிடிக்கவில்லை. டென்மார்க்கில் வேலை செய்கிறவர்களுக்கு விடுமுறைக்கென்று தனியாக ஒரு பணம் சேரும். தனக்குச் சேர்ந்ததை அப்படியே எடுத்து விமான டிக்கெட் வாங்கித் தம்பிக்கு அனுப்பிவிட்டாள். டிக்கெட் கையில் கிடைத்தால் வராமல் இருக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. செய்தி பரவியதும் டோஸ்ட்ருப் முதல் புரொண்பி வரைக்கும் தமிழர்கள் சிரித்தார்கள். "அமெரிக்காவிலை இருந்துதான் எல்லாருக்கும் டிக்கெட் வரும். அமெரிக்காவுக்கு டிக்கெட் அனுப்பின முதல் ஆள் எங்கட அமெரிக்கா அக்காதான்!" அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

றொபேர்ட் கலியாணத்துக்கு நாலு நாள் முன்னதாக வந்து சேர்ந்தான். விமான நிலையத்தில் அவனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஆறு வருடத்தில் பத்து வருடம் போன முகம். வெயில் எறிக்கிற ஆனி மாதத்தில் நீளக் கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் பூட்டி, இடக்கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். அது அமெரிக்க நாகரிகமாக்கும் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து சோற்றையும் மீன் குழம்பையும் கண்டவுடன் அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தபோது மட்டும், அவளுக்குள் ஒரு சந்தேகம் மெல்லத் தலைதூக்கியது. "அங்கை சாப்பாடு எல்லாம் எப்பிடி?" என்று கேட்டாள். "எல்லாம் இருக்கு அக்கா" என்றான். பொய் இல்லை. அங்கே எல்லாம் இருந்தது.

தேவராஜா வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். கோபன்ஹேகன் நடுவில் பெரிய ஹோட்டலில் அறை எடுத்திருந்தார். குளித்து, உடுப்பு மாற்றி, பின்னேரம் டாக்ஸியில் டோஸ்ட்ருப் வந்து மூன்று மாடியும் ஏறினார். தங்கச்சியை உச்சி முகர்ந்தார். மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார். தம்பியைக் கண்டதும், "எப்பிடியடா? கண்டு ரெண்டு வருசம் இருக்குமே?" என்றார்.

இன்பமலர் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன ரெண்டு வருசம்? ரெண்டு பேரும் ஒரு ஊர்தானே?"

"ஊர் பெரிசு அக்கா" என்றான் றொபேர்ட்.

"வேலை, வேலை" என்றார் தேவராஜா. "இவனும் கொம்பனியிலை சரியான பிஸி."

அன்றைக்கு மெக்சிகோவில் டென்மார்க்குக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் உதைபந்தாட்டம். உலகக் கிண்ணத்துக்கு டென்மார்க் முதல்முறையாகப் போயிருந்த வருடம் அது. ஊரே சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. இன்பமலர் வீட்டில் தொலைக்காட்சி கொஞ்சம் பெரிது என்பதால் கீழ்மாடிக் குடும்பமும் வந்துவிட்டது. நாளைய கலியாணத்துக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு பக்கம், முகத்தில் சிவப்புச் சாயம் பூசிய டேனிஷ் பிள்ளைகள் ஒரு பக்கம், சோபாவில் ஹூஸ்டன் டாக்டரும் அவர் தம்பியும். வெளியே இன்னும் பகல் வெளிச்சம்.

இடைவேளைக்குச் சற்று முன் டென்மார்க் முதல் கோலை அடித்தது. வீடு ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது. எல்லாரும் துள்ளினார்கள். கட்டிப்பிடித்தார்கள். தேவராஜாவும் துள்ளி எழுந்து, பக்கத்தில் நின்ற தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கினார்.

றொபேர்ட் கத்திய கத்தலை எல்லாரும் சந்தோஷம் என்றே நினைத்தார்கள். தேவராஜா நினைக்கவில்லை. அவர் விரல்கள் தம்பியின் இடது மணிக்கட்டில் நின்றுவிட்டன. மெல்லச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கை மணிக்கட்டில் இருந்து ஒரு பக்கமாகக் கோணி நின்றது.

"எப்ப முறிஞ்சது?" என்று கேட்டார். டாக்டரின் குரல்.

"போன வருசம்."

"ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் பாக்கேல்லை. துணியாலை கட்டினனான். தானா ஒட்டிட்டுது."

தேவராஜா அவனை பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்பமலர் கையில் மாவோடு பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள். இடைவேளை விசில் ஊதியது உள்ளேயிருந்து கேட்டது.

"இப்பிடிக் கோணி ஒட்டின எலும்பை நான் கடைசியாக் கண்டது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலை" என்றார் தேவராஜா. "வன்னிக் காட்டுக்குள்ளை இருந்து வந்த ஆக்களிலை. ஹூஸ்டனிலை நான் காணேல்லை."

"நான் இருக்கிற பக்கம் வாங்கோ அண்ணை. ஒரு பின்னேரத்திலை பத்துப் பேரைக் காட்டுறன்."

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. எண்ணெய் விலை விழுந்ததோடு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மூன்று வருடமாக அவனுக்குக் கொம்பனி என்று ஒன்று இல்லை. பகலில் அலுவலகக் கட்டடங்களில் தரை துடைக்கிறான். கிழமை முடிவில் ஒரு பெரிய ரெஸ்டோரன்ட் வாசலில் நின்று, சாப்பிட வருகிறவர்களின் கார்ச் சாவிகளை வாங்கி, கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறான். மழைநாளில் கார் எடுக்க ஓடும்போது சறுக்கி விழுந்து முறிந்த கை அது. ஆஸ்பத்திரிக்குப் போனான். காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றான். ஒரு கதிரையில் இருத்தினார்கள். பொழுது சாயும்வரை இருந்து பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

"நான் ஒருத்தன் எலும்பு டாக்டர் எண்டு அந்த ஊரிலை இருக்கிறனே! எனக்கு ஒரு போன் எடுக்கேல்லையே நீ?" என்றார் தேவராஜா.

றொபேர்ட் கீழே புல்வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது இன்பமலருக்குத் தெரிந்தது.

"கை முறியிறதுக்கு ஒரு மாசம் முன்னம் நீங்கள் அந்த ரெஸ்டோரன்டுக்கு வந்தனீங்கள். நாலைஞ்சு டாக்டர்மாரோடை. கார்த் திறப்பை என்ர கையிலைதான் தந்தியள். திறப்பைத் தந்தியள், நன்றி எண்டும் சொன்னியள். முகத்தைப் பாக்கேல்லை."

தேவராஜா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தொப்பியை இழுத்து விட்டிட்டன் அண்ணை. அதுவும் இருக்கு. பிறகு என்னண்டு உங்களுக்குப் போன் எடுக்கிறது?"

இன்பமலருக்கு முதலில் அழுகை வந்தது, பின்னால் கோபம் வந்தது, கோபம்தான் வென்றது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேர். ஒரே ஊருக்குப் போனார்கள். அந்த ஊர் ஒருத்தரை மேலே மேலே தூக்கிக்கொண்டு போக, மற்றவரைக் கீழே கீழே விட்டிருக்கிறது, இருவருக்கும் நடுவில் ஒரு கார்த் திறப்பு நீளம்கூட இருக்கவில்லை என்பது யார் கண்ணிலும் படாமல். இத்தனை நாளும் அந்த ஊருக்குப் போகவில்லையே என்று அவளுக்காக எத்தனை பேர் இரங்கினார்கள்!

"ரெண்டு பேரும் கேளுங்கோ" என்றாள். "நாளைக்கு எனக்குக் கலியாணம். அண்ணை, அந்த ஹோட்டலுக்குப் போன் எடுத்து வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ. இஞ்சை ஹோலுக்குள்ளை ஒரு மெத்தைதான் கிடக்கு. ரெண்டு பேரும் அதிலை படுங்கோ. ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் விடிய எழும்பினவுடனை பாருங்கோ. றொபேர்ட், நீ இனி அண்ணைக்குப் பொய் சொன்னாயெண்டா மற்றக் கையை நான் முறிப்பன்."

"அக்கா!"

"அவரிட்டை காட்டலாம், சும்மா செய்து தருவார்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தேவராஜா சிரித்துக்கொண்டே அழுதார். அவர் தம்பியின் கோணல் கையை விடவே இல்லை. எலும்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தபடியே, உடைத்து நேராக்கலாம், ஒன்றும் பயமில்லை என்று தனக்கே சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அந்தோனிமுத்து ரோல்ஸ் பொரித்த மணம் வந்து மூவரையும் இழுத்தது. இரண்டாவது கோல் விழுந்தபோது மூவரும் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எல்லா பால்கனிகளிலும் இருந்து எழுந்த கூச்சலில் டோஸ்ட்ருப் ஆடியது, அவர்களும் எழுந்து பால்கனிக்கு ஓடினார்கள். பக்கத்து பால்கனியில் நின்ற முன்பின் தெரியாத ஒரு கிழவர், கம்பிக்கு மேலால் ஒரு சிறு கொடியை நீட்டி டாக்டரின் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

காலையில் வெங்காயம் வெட்டவேண்டியிருந்தது. இடக்கையால் இறுக்கிப் பிடிக்க முடியாத தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேவராஜா வெங்காயத்தைப் பிடிக்க, றொபேர்ட் வலக்கையால் வெட்டினான். இரண்டு பேருக்கும் கண்ணால் நீர் ஓடியது. இந்த அழுகைக்கு வெங்காயம் பொறுப்பென்று இருவரும் சாதித்தார்கள்.

கத்தோலிக்கக் கோயிலில் கலியாணம். மணமகளை அண்ணன் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் முதலில் பேச்சு. வாசலில் வந்ததும் இன்பமலர் வலக்கையை அண்ணனுக்கும் இடக்கையைத் தம்பிக்கும் கொடுத்தாள். நடைபாதை இருவர் போகத்தான் அகலம். மூன்று பேரும் நண்டுபோலச் சரிந்து சரிந்து, இரண்டு பக்கமும் சனம் இருந்த நீள வாங்குகளில் இடிபட்டு, சேலைத் தலைப்பு ஒரு டேனிஷ் கிழவியின் தொப்பியில் மாட்டி, ஒருமாதிரி முன்னே போய்ச் சேர்ந்தார்கள். அந்தோனிமுத்து அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "ஓம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் டேனிஷில் "யா" என்று இவ்வளவு உரத்துச் சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை. குருவானவர் புத்தகத்தையே தவறவிட்டார்.

குடியிருப்பின் பொது மண்டபத்தில் விருந்து. ஆட்டிறைச்சிக் கறியும் மஞ்சள் சோறும் ரோல்ஸும் வடையும் ஒரு மேசை, முதியோர் இல்லத்தார் கொண்டுவந்த கேக்குகளும் புகையிட்ட மீனும் மற்ற மேசை. சாப்பாட்டுக்கு நடுவில் டேனிஷ்காரர் எல்லாரும் கரண்டியால் தட்டில் தட்டத் தொடங்கினார்கள். அப்படித் தட்டினால் மணமக்கள் கதிரைமேல் ஏறி நின்று முத்தம் கொடுக்கவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். இன்பமலர் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தாள். தமிழ்ச் சனம் ஆளையாள் பார்த்தது. அந்தோனிமுத்து கதிரையில் ஏறினார். ஏறினபிறகு தான் உயரமாகிவிட்டதை உணர்ந்து, அவளை ஏறவேண்டாம் என்று கையால் மறித்து, கீழே நின்றவளின் உச்சியில் ஒரு முத்தம் வைத்தார். முதலில் கைதட்டியது மன்னார்ப் பக்கத்துப் பெரியவர்கள்தான்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் காலுறையின் நுனியை வெட்டினார்கள். அதுவும் அந்த ஊர் வழக்கம். அந்தோனிமுத்துவின் காலுறையில் முன்னமே ஓட்டை இருந்ததால் காலையில் தேவராஜா தன்னுடைய விலைகூடிய பட்டுக் காலுறையைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அது இரண்டு துண்டாவதைப் பார்த்து அதிகம் சிரித்ததும் அவரே.

விருந்து முடிகிற நேரம் இன்பமலர் அண்ணனைத் தேடினாள். அவர் மண்டபத்துக் குசினியில், கோட்டைக் கழற்றிவிட்டு, ஒரு உயரமான பெண் கழுவிக் கொடுக்கிற கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஆங்கிலத்தில் சுவாரசியமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல மனுசி. உன்னோடை குசினியிலை வேலை செய்யிறவவோ?" என்று தமிழில் கேட்டார்.

"அவதான் கிர்ஸ்டன், அண்ணை. எங்கட இல்லத்துக்கே பெரியவ."

தேவராஜா கையிலிருந்த கோப்பையை ஒரு தரம் பார்த்தார். "அப்ப இந்த ஊரிலை பணக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

"ஏன் இல்லை? வடக்குப் பக்கம் போனா கடலைப் பாத்துக்கொண்டு பெரிய பெரிய வீடுகள். ஆனா கை முறிஞ்சா அவையும் நாங்களும் ஒரு வாங்கிலைதான் இருக்கோணும். அவைக்கு அது விருப்பமோ இல்லையோ தெரியாது."

அவர் அடுத்த கோப்பையைத் துடைக்க எடுத்தார்.

ஒரு கிழமை கழித்து சகோதரர்கள் இருவரும் ஒரே விமானத்தில் திரும்பினார்கள். தேவராஜா தன் பயணச்சீட்டை மாற்றி, தம்பிக்குப் பக்கத்து இருக்கையை வாங்கிக்கொண்டார். அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய ஆஸ்பத்திரியிலேயே றொபேர்ட்டின் மணிக்கட்டை உடைத்து நேராக்கினார்கள். தன் கையால் செய்யப் பயந்து, நண்பர் செய்யப் பக்கத்தில் நின்றாராம். கை ஆறியதும் றொபேர்ட் நகரசபை பஸ் ஓட்டப் போனான். அண்ணன் தன் கிளினிக்கில் வேலை தருவதாகச் சொன்னதை அவன் ஏற்கவில்லை. "உங்களிட்டை சம்பளம் வாங்கினா பேந்து உங்களோடை சண்டை பிடிக்கேலாது" என்று சொல்லிவிட்டான்.

பத்துப் பேரைக் காட்டுகிறேன் என்று சொன்னதை மட்டும் அவன் மறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அண்ணனைத் தன் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். பத்துப் பேர் என்று எண்ணிக்கொண்டு போனவர்கள், கை கால் காட்ட ஆட்கள் வந்துகொண்டே இருக்க, ஒரு சேர்ச் மண்டபத்தில் பொழுது படும்வரை இருக்கவேண்டி வந்தது. அதன்பின் தேவராஜா இன்னும் ஒரு டாக்டரையும் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போனார். அதனால் ஹூஸ்டன் மாறிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் வரிசை முந்தியதைவிட நீளம் என்று அவர் போனில் சொல்வார். சொல்லும்போது களைப்பு இருக்கும், பழைய யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக் காலத்துக் குரலும் இருக்கும். பின்னால் றொபேர்ட், "அண்ணை, கறி எரியுது!" என்று கத்துவான். சனிக்கிழமை இரவுச் சாப்பாடு அவன் வீட்டில்தான்.

அமெரிக்கத் தூதரகத்திலிருந்து இன்பமலரின் விண்ணப்பம் பற்றிக் கேட்டு வந்தபோது, நன்றி, வேண்டாம் என்று பதில் போட்டாள். அந்தோனிமுத்து இரண்டு முறை வாசித்து, எழுத்துப் பிழை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு அதைத் தபாலில் சேர்த்தார். அப்போது அவள் மாதமாக இருந்தாள். முப்பத்தாறு வயதில் தலைப்பிள்ளை என்று டோஸ்ட்ருப்பில் எல்லாரும் பயந்தார்கள், அவளைத் தவிர. வேலைக்குப் போய், உருளைக்கிழங்கு உரித்து, கிழவர் கிழவிகளோடு சண்டை பிடித்து, கடைசி மாதம் வரைக்கும் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

எண்பத்தேழாம் ஆண்டு வசந்தத்தில் பெண்பிள்ளை பிறந்தது. ஹூஸ்டனில் இருந்து இரண்டு மாமன்மாரும் ஒரே போனில் பேர் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். இன்பமலர் இருவரையும் கேட்டுவிட்டு, தன் தாயின் பெயரான மார்கிரட்டை வைத்தாள். ஆஸ்பத்திரித் தாதிகளுக்குப் புளகாங்கிதம். தங்கள் ராணியின் பெயரை ஒரு தமிழ்ப்பிள்ளைக்கு வைத்திருக்கிறாளே என்று ஒருத்தி பூங்கொத்துக் கொண்டுவந்தாள், இன்னொருத்தி கட்டிலில் சின்னக் கொடி ஒன்றைக் கட்டினாள்.

"ராணிக்காகத்தானே?" என்று கேட்டாள் தாதி.

அந்தோனிமுத்து உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். இன்பமலர் போர்வைக்கு அடியால் அவர் காலில் ஒரு உதை விட்டுவிட்டு, "ஓம், ராணிக்காகத்தான்" என்று டேனிஷில் சொன்னாள். சொல்லிவிட்டு மடியில் கிடந்த ராணியைப் பார்த்தாள். அது கொட்டாவி விட்டது.